அப்பாவுக்கு நான் போட்ட ஊசிகள்

மகள் நர்ஸ் என்று கள்ளக்குறிச்சி பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த என் அப்பாவுக்கு,

இன்று திங்கட்கிழமை. மணி ஒன்பதே முக்கால். நான் வேலைக்குப் போகவில்லை. நீ நம்பமாட்டாய் என்று தெரியும். கச்சிராயபாளையத்தில் அந்த டாக்டரிடம் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. கௌசி பிறந்தபோது சில நாள், நீ போனபோது சில நாள், அவ்வளவுதான் நான் எடுத்த லீவு. உன் காரியம் முடிவதற்குள் டாக்டர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

இப்போதும் போன் அடிக்கிறது, காலையிலிருந்து இரண்டாவது தடவை. எடுக்கவில்லை. எடுக்காமல் சும்மா இருக்கவும் முடியவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காலையிலிருந்து வாசலை இரண்டு தடவை கூட்டிவிட்டேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். பாயில் படுத்திருந்த கௌசி, "யம்மா, ஒரு எடத்துல குந்தேன், எனக்குத் தல சுத்துது" என்றாள். குந்தினேன். இந்தக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சரி, ஒரு பேனாவைக் கொடுப்போம் என்று கொடுத்தேன்.

அடுத்த வாரம் உன் நினைவு நாள். பேனர் வைக்கலாம் என்று சித்தப்பா போட்டோ கேட்டார். 'உழைப்பால் உயர்ந்த உத்தமர்' என்று போடலாமா என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கே உயர்ந்தாய் நீ? வீடு இன்னும் லிண்டல் மட்டத்தில்தான் நிற்கிறது. கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது. பேனர் வேண்டாம் சித்தப்பா, நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேனரில் நாலு வரிதான் பிடிக்கும். எனக்குச் சொல்ல இருப்பது நாலு வரி இல்லை. இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் அவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ கரும்பு வெட்டும் செட்டில் இருந்தாய். வெட்டுவதோடு வேலை முடியாது. கட்டுக் கட்டி, தலையில் வைத்து, சாய்த்துப் போட்ட பலகையில் ஏறி லாரியில் அடுக்க வேண்டும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் இடையில் நிறுத்த முடியாது. வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை குறையும். எடை குறைந்தால் நிலத்துக்காரர் மேஸ்திரியைக் கேட்பார், மேஸ்திரி செட்டைக் கேட்பார். நிலத்துக்காரருக்கே முந்தின கரும்புக்குப் பணம் வந்திருக்காது, அவர் முகமும் பார்க்கச் சகிக்காது. செட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவர் சுமையை மற்றவர்கள் தூக்குவார்கள். எத்தனை நாளைக்கு? மூன்றாம் நாள் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த இளவட்டம் ஒருவன் அந்த இடத்தில் நிற்பான். உனக்கு வலியைவிட அந்தப் பயம்தான் பெரிது.

அந்தப் பயத்தோடுதான் முதல் தடவை கிளினிக்குக்கு வந்தாய். தோளைத் தூக்க முடியவில்லை. டாக்டர் பார்த்தார், வலிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று இரண்டு ஊசி எழுதினார். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படித்து வந்த நர்ஸ் இல்லை, பார்த்துப் பழகிய நர்ஸ். கை நடுங்கியது. நீ திரும்பிப் படுத்துக்கொண்டு, "போட்டியா இல்லியா?" என்று கேட்டாய். போட்டுவிட்டேன் என்றதும் உனக்கு ஏமாற்றம். வலிக்காத ஊசி வேலை செய்யாது என்பது உங்கள் செட்டில் எல்லோருடைய முடிவு. மறுநாள் காலையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு வெட்டுக்குப் போனாய். சாயங்காலம் வந்து, "உன் கையி ராசியான கையிடி" என்றாய்.

அந்த வார்த்தையை எத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்தேன் தெரியுமா?

பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெட்டுப் பருவம் வந்தால் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு. டாக்டர் உன்னைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். உங்கப்பாவா, போட்டு அனுப்பும்மா என்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்று எழுத வருகிறது, ஆனால் குற்றம் இல்லாமல் எப்படி இருக்கும்? வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், இன்றைக்கே சரியாக வேண்டும். ஊசி போடாமல் அனுப்பினால் அடுத்த தெரு டாக்டரிடம் போவார்கள். எங்கள் டாக்டரும் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்தான். கடைசியில் நீ கிளினிக்குக்கு வருவதற்கும் நேரமில்லை என்று நான் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தேன். பொழுது விடிவதற்குள் உனக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் உலை வைப்பேன்.

இதில் நமக்கு ஒரு பெருமை வேறு. உன் செட்டில் பாதிப் பேர் உடம்பு வலிக்குக் குடித்தார்கள். நீ தொட்டதில்லை. எங்க வீட்டுக்காரர் குடிக்கமாட்டார், ஊசி போட்டுக்கொள்வார் என்று பெண் பார்க்க வந்தவர்களிடமே அம்மா சொன்னாள். அவர்களும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிச் சம்பந்தத்தை முடித்தார்கள். குடிக்கிற மனுஷன் கெட்டவன், ஊசி போட்டுக்கொள்கிற மனுஷன் பொறுப்பானவன். இரண்டு பேரும் மறுநாள் அதே பலகையில்தான் ஏறினீர்கள் என்பது நம் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒருத்திக்குத் தோன்றியது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புருஷனோடு வெட்டுக்கு வந்த பெண். அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். "இத்தப் போட்டா வூட்டுக்குப் போயி படுத்துக்கலாமா?" என்று கேட்டாள். படுக்க வேண்டியதே இல்லை, நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்றேன். "அப்ப வேணாம்" என்று அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் உன்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அவளைப் பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த பருவத்தில் அவளே வந்து இடுப்பைக் காட்டினாள். நான் போட்டு அனுப்பினேன்.

இப்போது சொல்லாமல் விட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். நீ உயிரோடு இருந்தபோதே நானும் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன், அப்பா. காலை எட்டு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவுவரை நிற்க வேண்டும். குதிகால் நெருப்பாய் எரியும். கௌசியின் அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர், வருஷத்தில் இரண்டு தடவை வருவார். வீட்டில் எல்லாம் நான்தான். ஒருநாள் மத்தியானம் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொடையில் நானே போட்டுக்கொண்டேன். உனக்குப் போடும்போது நடுங்கிய கை எனக்குப் போடும்போது நடுங்கவில்லை. அன்று பொழுது நன்றாகத்தான் ஓடியது. அப்படியே பழகிவிட்டது.

மறுபடியும் போன். மூன்றாவது தடவை. கௌசி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ போகும்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது டிகிரி முடித்துவிட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. செல்போனுக்குள்ளே போகிற ஏதோ ஒரு துண்டைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்க வேண்டுமாம். குளிர்சாதன அறை, வெள்ளை உடுப்பு, வெயில் கிடையாது, சுமை கிடையாது. அவள் சேர்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டில் முதல்முதலாக ஒருத்தி உடம்பு நோகாமல் சம்பாதிக்கிறாள் என்று நினைத்தேன்.

போன புதன்கிழமை நாலு நாள் லீவில் வந்தாள். வந்ததும் படுத்தாள். வியாழன் முழுக்கத் தூங்கினாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. எழுந்தால் தட்டை எடுத்து நின்றபடியே பத்து நிமிஷத்தில் தின்றுவிட்டுத் திரும்பவும் படுப்பாள். எனக்குக் கோபம் வந்தது, ஒளிப்பானேன்? வயசுப் பெண் இப்படிக் கிடந்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று முணுமுணுத்தேன். அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். பின்பக்கம் போவதற்கு எழுந்தவள் என் எதிரில் வந்து நின்று, "யம்மா, பாத்ரூம் போய்ட்டு வரட்டா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். நான் சரி என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். அங்கே வேலை வரிசையில் ஒருத்தி எழுந்தால் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்து நிற்க வேண்டுமாம், அதனால் கேட்டுத்தான் போக வேண்டுமாம். அது பழகிப்போய் சொந்த வீட்டிலும் கேட்கிறாள். அவளுக்கே அது தெரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ். பையைக் கட்டி வைத்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. பேசாமல் இன்னும் நாலு நாள் இரேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மேல்தளம் போட அவள் சம்பளத்தைத்தான் நம்பியிருக்கிறோம். இப்படி வருகிற வார்த்தையை விழுங்குவது நமக்குப் புதிதா என்ன? அப்போது அவளே என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"யம்மா, ஒரு ஊசி போட்டுவுடேன். நான் போயிடறேன்."

எந்த ஊசி என்று கேட்டேன். அதுதான், சத்து ஊசி, வலி ஊசி, ஏதாவது ஒன்று என்றாள். ஹாஸ்டல் பக்கத்தில் லீவு நாளில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து போய் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். படுத்த மாதிரியும் ஆச்சு, தெம்பு வந்த மாதிரியும் ஆச்சு என்று சிரித்தாள். எத்தனை மாசமாக என்று கேட்டேன். "போனதுல இருந்துதான். இங்கதான் நீ இருக்கியே, அங்க எதுக்கு தண்டம் அழுவணும்?" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்தேன். என் கிளினிக் பையிலிருந்து மருந்தை எடுத்தேன். ஊசியில் ஏற்றினேன். காற்றை வெளியே தள்ளினேன். அதுவரை என் மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை, அப்பா. அவ்வளவு வருஷத்துப் பழக்கம். அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "நல்லா அழுத்திப் போடு, அப்பத்தான் புடிக்கும்" என்றாள். இதை அவளுக்கு நீயும் சொல்லித் தரவில்லை, நானும் சொல்லித் தரவில்லை.

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் அவசரப்படுத்தினாள். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எந்த வருஷம் தொடங்கினேன், எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், உன் கால் எப்போது வீங்கியது, மூத்திரம் எப்படிக் குறைந்தது, அதற்குப் பிறகும் இரண்டு மாசம் நான் எப்படிப் போட்டேன், எல்லாம். தாத்தாவுக்குச் சர்க்கரையால் கிட்னி போய்விட்டது என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். உனக்குச் சர்க்கரையே கிடையாது, கிட்னியைக் கெடுத்தது அந்த வலி ஊசிதான்.

அவள் அழவில்லை. "தாத்தாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியுமா அப்பா? கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டார். வலிக்கு மாத்திரை, ஊசி ஏதாவது ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டீர்களா என்றார். நான் உன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். "அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க டாக்டர். ஊசின்னாலே எனக்கு பயங்க" என்றாய். அந்த அம்மா எழுதிக்கொண்டு போய்விட்டார். நீ அதைப் பற்றி என்னிடம் அப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் என்னைக் காப்பாற்றினாய். அதற்காக உன் காலில் விழவா, இல்லை உன்னோடு சண்டை போடவா? அன்றைக்கு நீ ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் அப்போதே ஊசியைக் கீழே வைத்திருப்பேனோ என்னவோ. வைத்திருக்கமாட்டேன் என்றும் தோன்றுகிறது.

தாத்தாவுக்குத் தெரியும் என்று கௌசியிடம் சொன்னேன். பஸ் போய்விட்டது. இன்னும் ஒரு வாரம் இருந்து தூங்கு கௌசி, கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். பெரிய மனசு பண்ணிச் சொல்வதாக எனக்கு நினைப்பு. அவள் கேட்டாள்:

"நீ நாளைக்கு வேலைக்குப் போவியா?"

"போவாம? திங்கக்கெழம கூட்டம் ஜாஸ்தி."

"நீ போய்க்கினு இருந்தா நான் எப்பிடிம்மா படுத்துக்கினு இருப்பேன்?"

நானும் அப்படித்தான் இருந்தேன். நீ தோளைப் பிடித்துக்கொண்டு வெட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு என்னால் எப்படி ஒருநாள் படுக்க முடியும்? நீயும் உன் அப்பன் பண்ணையில் கிடந்து செத்ததைப் பார்த்தவன்தான். நம் வீட்டில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் படுக்காமலே இருந்துவிட்டோம். காய்ச்சல் வந்தால் படுக்கலாம், சாவு விழுந்தால் லீவு போடலாம். முடியவில்லை என்பதற்காக மட்டும் படுத்தவர் நம்மில் யார்? யோசித்துப் பார்த்தேன், ஒரு பெயரும் வரவில்லை.

அப்படித்தான் இன்று வீட்டில் இருக்கிறேன். தளம் என்ன ஆகும், கம்பெனியில் அவள் இடம் இருக்குமா, கிளினிக்கில் என் இடம் இருக்குமா, எதுவும் தெரியவில்லை. நிம்மதி என்றெல்லாம் எழுதினால் பொய்.

கொஞ்சம் பொறு. நாலாவது தடவை அடிக்கிறது. எடுக்கிறேன்.

பேசிவிட்டேன், அப்பா. டாக்டர், என்னம்மா ஆச்சு, உடம்புக்கு என்ன என்றார். காய்ச்சல் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஒடம்பு நல்லாத்தாங்க இருக்குது. அலுப்பா இருக்குது. என்னால முடியல, வரல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கூட்டம் வாசல்வரை நிற்கிறது என்றார். அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? கோபமாக இல்லை, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். "ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துடேம்மா."

"அந்த ஊசியாலதாங்க எங்கப்பா செத்தாரு. நான்தாங்க போட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. பிறகு, அப்புறம் பேசலாம்மா என்று வைத்துவிட்டார்.

கௌசி எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள். நான் போய்ப் படுக்க வேண்டும் என்று அர்த்தம். காலை பதினொரு மணிக்கு! எனக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் போகிறேன்.

அதற்கு முன்னால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புதன்கிழமை கௌசியைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த டாக்டரம்மாவே இருப்பாரோ வேறு யாரோ, வலிக்கு ஊசி போட்டதுண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். எனக்காக நீ சொன்ன பதிலை நான் கௌசிக்காகச் சொல்லமாட்டேன், அப்பா. போட்டோம் என்பேன். எத்தனை வருஷம், யார் கையால் என்று கேட்டாலும் சொல்வேன்.

உன் மூத்த மகளும்
கௌசியின் அம்மாவுமான
செல்வி